ஓடை லில்லியும் ஏழு பலகைகளும்

பிப்ரவரி 3, 2025, திங்கள்

அறிக்கையை யாரும் படிக்கவில்லை. படத்தை மட்டும் பார்த்திருக்கிறார்கள்.

எங்கள் சுற்றுச்சூழல் அமைப்பின் தொம்மலூர் ஆபீசில், அதை நடத்தும் ஸ்ரீரஞ்சனி மேடம் என்னைக் கூப்பிட்டு, "இளா, குட் நியூஸ். உன் பூவை ஒரு கம்பெனி தத்து எடுக்குது" என்றார். என் பூ இல்லை. எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி, ஆனேக்கல் போகும் வழியில், ஒரு அபார்ட்மெண்டின் பின்சுவரை ஒட்டி ஓடும் ஓடையின் பூ. போன ஆகஸ்டில் என்னோடு வேலை பார்க்கும் கிளிஃபர்டும் நானும் செடி கணக்கெடுக்கப் போனபோது அங்கே மணல்திட்டு முழுக்கக் கொத்துக் கொத்தாக நின்றது. நீளமான இலை, சேற்றுக்குள் வெங்காயம் போல ஒரு கிழங்கு, சாயங்காலம் விரியும் வெள்ளைப் பூ, நடுவில் கருஞ்சிவப்பு இழைகள். புத்தகத்தில் அதன் பெயர் கிரைனம். அறிக்கைக்கு ஒரு பெயர் வேண்டுமே என்று ஓடை லில்லி என்று எழுதியது நான்தான்.

பெங்களூரைச் சுற்றி நான் இறங்கிப் பார்த்த ஓடைகளில் இவ்வளவு பெரிய கூட்டம் வேறெங்கும் இல்லை. மற்ற இடங்களில் கரையைக் கல்லால் கட்டிவிட்டார்கள், அல்லது அந்த இடத்தில் இப்போது கார் நிற்கிறது.

தத்து எடுக்கும் கம்பெனியில் அபினவ் என்று ஒருவர். சமூகப் பணிக்கான பொறுப்பு அவருடையது. நான் எடுத்த பூப் படத்தை லேப்டாப் திரையில் வைத்திருக்கிறாராம். சந்தோஷம். முப்பத்தொன்றாம் பக்கத்தில் அந்தச் செடிக்கு என்ன வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். அதையும் எங்காவது வைத்திருந்தால் நன்றாக இருக்கும்.

பிப்ரவரி 8, சனி

எழுதவே எரிச்சலாக இருக்கிறது.

கம்பெனி ஆட்கள் மூன்று கேபில் வந்தார்கள், எல்லோருக்கும் ஒரே பச்சை டீ-ஷர்ட். ஓடையைச் சுத்தம் செய்யும் நாள். பிளாஸ்டிக் பொறுக்குவது, களை பிடுங்குவது. லில்லியின் இலையும் களை மாதிரிதான் இருக்கும், இப்போது பூவும் இல்லை. அதனால் விடியற்காலையிலேயே போய் ஒவ்வொரு கொத்துக்கும் சிவப்பு ரிப்பன் கட்டி வைத்தேன். ரிப்பன் கட்டியதைத் தொடாதீர்கள் என்று மைக்கில் நான் சொல்ல வேண்டும். மைக்கைப் பார்த்ததும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. கிளிஃபர்ட் வந்து சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். கிளிஃபர்ட் பைக் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தான்.

அவன் வருவதற்குள் மேல்கரையில் இருந்த எல்லாக் கொத்தும் குப்பைப் பையில்.

ஒரு பெண், நகத்தில் சேறு, முகமெல்லாம் பெருமை. "ரெட்னா எடுக்கணும்னு நெனச்சோம். ரோட்டுல மரம் வெட்டுறதுக்கு முன்னாடி ரெட் மார்க்தானே போடுவாங்க?"

அவள் சொல்வது சரிதான். இந்த ஊரில் எந்த மரத்தில் அடையாளம் போட்டாலும் அடுத்த வாரம் அந்த மரம் இருக்காது. எனக்குத் தோன்றவில்லையே அது. பச்சை ரிப்பன் வாங்கியிருக்கலாம். இல்லை, வாயைத் திறந்திருக்கலாம்.

பையைக் கவிழ்த்துக் கிழங்குகளைப் பொறுக்கி, கிளிஃபர்டும் நானும் வெயிலில் திரும்ப நட்டோம். "இளா, அடுத்த தடவை உன்னையே ரிப்பன் கட்டி நிறுத்திடலாம். யாராவது பிடுங்கினா அப்பவாவது கத்துவ" என்றான். நான் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 12, புதன்

மீட்டிங். அபினவ் ஸ்லைடு போட்டார். ஓடைக்குக் குறுக்கே இரண்டு கான்கிரீட் தூண், நடுவில் மரப்பலகைகளைச் செருகித் தண்ணீரைத் தேக்குவது. கரையில் நடைபாதை, பெஞ்ச். தலைப்பு: லில்லி பாண்ட்.

"இது தண்ணிச் செடிதானே? வெயில் காலத்துல பாவம், காய்ஞ்சு போகுது. நாம வருஷம் பூரா தண்ணி கொடுப்போம்."

தண்ணீர் கொடுக்கப் போகிறார்களாம். கோடையில் ஓடை சுருங்க வேண்டும், கிழங்கு மணலுக்குள் தூங்க வேண்டும், மழையில் வெள்ளம் வந்து விதைகளை இழுத்துக்கொண்டு போக வேண்டும். வெள்ளம் தலைக்கு மேல் இரண்டு நாள் போனால் அதற்கு ஒன்றும் ஆகாது. அசையாத தண்ணீர் வாரக்கணக்கில் மூடினால் அழுகிவிடும். அவ்வளவுதான் விஷயம். தமிழில் தயாராக இருந்தது, ஆங்கிலத்தில் தயாராக இருந்தது, கன்னடத்தில்கூட மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தேன். மூன்றும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்து மாட்டிக்கொண்ட மாதிரி.

மேடம் என் பக்கம் திரும்பி, "இளா, எதாவது சொல்லணுமா?" என்றார்.

"இல்ல மேம்."

இல்ல மேமாம். வீட்டில் முதல் பட்டம், எம்.எஸ்சி. தாவரவியல், வகுப்பில் முதல் மாணவி, இல்ல மேம். திரும்பும்போது சில்க் போர்டு நெரிசலில் பஸ் நின்ற அவ்வளவு நேரமும் அபினவுக்கு அருமையாகப் பதில் சொல்லிக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டில் இருந்த ஓர் அம்மா நகர்ந்து உட்கார்ந்தார். உதடு அசைந்திருக்கும் போல.

பிப்ரவரி 13, வியாழன்

முப்பத்தொன்றாம் பக்கத்தைப் படம் எடுத்து மேடத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் வந்தது.

மார்ச் 14, வெள்ளி

திறப்பு விழா. இளநீர், மாலை, போட்டோ. தூண்களுக்கு நடுவே ஏழு பலகைகள், ஒன்றின் மேல் ஒன்றாக. அபார்ட்மெண்ட் சங்கத்தின் செயலாளர் சுந்தரேசன் பேசினார். ரிட்டயர்ட் ஆனவர், குரல் கணீரென்று இருக்கிறது. "இனிமே நம்ம பால்கனியிலிருந்து பார்த்தா வாட்டர் வியூ" என்றார். பெரிய கைத்தட்டல். பூவைப் பற்றி ஒரு வரி பேசினார், அதிலும் தாமரை என்று சொல்லிவிட்டார்.

எல்லோரும் போன பிறகு மேடத்தை நிறுத்தி, செடி அழுகிவிடுமே மேம் என்று கேட்டேன். சத்தம் வரவில்லை, ஆனாலும் கேட்டேன். மேடம் காரில் சாய்ந்துகொண்டு நெற்றியைத் தேய்த்தார். மூன்று தலைமுறையாக இந்த ஊரில் இருப்பவர், கன்னடத்தில் அதிகாரிகளையே அசத்துவார். இன்று களைப்பாக இருந்தார்.

"எனக்குப் புரியலைன்னு நினைக்கிறியா, இளா? இந்த ப்ராஜெக்டும் போச்சுன்னா ஆபீசை மூடணும். ஒரு சீசன் பார்ப்போம். ஏதாவது ஆச்சுன்னா பலகையைத் தூக்கிடலாம், அதுக்குத்தானே பலகை போடச் சொன்னேன்? அவங்க சுவரே கேட்டாங்க."

அப்படியானால் மேடம் முப்பத்தொன்றாம் பக்கத்தைப் படித்திருக்கிறார். இது தெரிந்ததும் கோபம் குறையும் என்று பார்த்தேன். கூடிவிட்டது.

மார்ச் 30, ஞாயிறு. யுகாதி

நான் தங்கியிருக்கும் பி.ஜி. விடுதியில் ஒப்பட்டு கொடுத்தார்கள், நம்ம ஊர் போளிதான். சாப்பிட்டுவிட்டு ஓடைக்குப் போனேன்.

அந்த அபார்ட்மெண்டின் கழிவுநீரைச் சுத்திகரித்து ஓடையில்தான் விடுகிறார்கள். சுத்திகரிக்காததும் கொஞ்சம் வருகிறது என்பது என் மூக்கின் கருத்து. பலகை இல்லாதபோது அது மெல்லிசாக ஓடிப் போய்விடும். இப்போது ஆள் இடுப்பளவு நிற்கிறது. செடிகளின் இலை நுனி மட்டும் வெளியே தெரிகிறது. யாரோ இரண்டு வாத்து வாங்கி விட்டிருக்கிறார்கள். ஒரு வாத்து இலை நுனியைக் கடித்துப் பார்த்துத் துப்பியது.

கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். செக்யூரிட்டி வந்து, "எந்த ஃபிளாட் மேடம்?" என்றார். ஃபிளாட் இல்லை என்றதும் வெளியே போகச் சொன்னார். பின்னாலேயே அறிவிப்புப் பலகை இருந்தது, என் பூப் படத்தோடு, எங்கள் ஆபீஸ் பெயரோடு. காட்டினேன். அவர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதுல உங்க போட்டோ இல்லையே" என்றார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கிளிஃபர்டைக் கெஞ்சிக் கூட்டிப் போனேன். ஓரத்தில் கையை விட்டு ஒரு கிழங்கைத் தொட்டால் விரல் உள்ளே போகிறது. கொழகொழவென்று, நாற்றம். பக்கத்தில் இன்னொன்று இன்னும் கெட்டியாக இருந்தது. அதுவும் எத்தனை நாளைக்கு.

மேல் பலகையை மட்டும் உருவலாம் என்று இரண்டு பேரும் இழுத்தோம். ஊறிப் போயிருந்தது. பாதி வந்தபோது சுந்தரேசன் சார் வாக்கிங் ஸ்டிக்கோடு வந்து நின்றார்.

"யாரம்மா நீங்க? இது அசோசியேஷன் சொத்து."

"சார், இது ஓடை சார்" என்றான் கிளிஃபர்ட்.

"ஓடைதான்பா. யார் இல்லைன்னாங்க? ஓடை கவர்ன்மெண்டோடது, பலகை எங்களோடது. கையை எடு."

செடி அழுகுகிறது என்று சொன்னேன். அவருக்குக் கேட்டதா தெரியவில்லை, எனக்கே கேட்கவில்லை. "அடுத்த ஞாயிறு ஜெனரல் பாடி இருக்கு, அங்க வந்து பேசுங்க" என்றார். பலகையை நாங்களே திரும்ப இறக்கி வைத்துவிட்டு வந்தோம். இதைவிட அசிங்கம் உண்டா?

ஏப்ரல் 8, செவ்வாய்

அம்மா போன். பக்கத்து வீட்டில் உன் பொண்ணு பெங்களூர்ல என்ன வேலை பார்க்குதுன்னு கேட்டாங்களாம். "செடியைக் காப்பாத்துற வேலைன்னு சொன்னேன்டி. சரிதானே?" சரி என்றேன். வேறென்ன சொல்வது.

ஏப்ரல் 13, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுத வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு எனக்கே நம்பிக்கை வராது.

கிளப் ஹவுஸ். அறுபது எழுபது பேர். மேடம் வந்து பேசுவதாக ஏற்பாடு. கடைசி நேரத்தில் "நீயே பேசிடு, உனக்குத்தான் எல்லாம் தெரியும்" என்று போன். கார் பார்க்கிங் சண்டை ஒரு மணி நேரம், லிஃப்ட் சண்டை அரை மணி நேரம், அதன் பிறகு நான்.

எழுந்து நின்றேன். கிரைனம் என்று ஆரம்பித்தேன். "கொஞ்சம் சத்தமா, மா" என்றார் சுந்தரேசன் சார். மணல், கிழங்கு, வெள்ளம் என்று ஏதோ சொன்னேன். பின்வரிசையில் சமோசா வந்துவிட்டது. ஒருவர் நியாயமாகக் கேட்கிற மாதிரி, "பூ எப்ப வரும்? ஜூலையா? அதுவரைக்கும் தண்ணி இருக்கட்டுமே" என்றார். அதுவரைக்கும் இருந்தால் பூ வராது என்பதைத்தானே சார் இவ்வளவு நேரம் சொன்னேன். சொன்னேனா? சொன்னதாகத்தான் ஞாபகம்.

உட்காரப் போனேன். அப்போது இரண்டாவது வரிசையில் ஓர் அம்மா கையைத் தூக்கினார். ஐம்பது வயது இருக்கும், கையில் மசால் வாசனையோடு சமையலிலிருந்து நேராக வந்தவர் மாதிரி. மங்களம், பி பிளாக், இரண்டாம் மாடி என்று சொல்லிக்கொண்டார்.

"ஏம்மா, நீ படிச்ச பொண்ணு. ஒண்ணே ஒண்ணு சொல்லு. இந்தத் தண்ணி இப்படியே நின்னா கொசு வருமா?"

"வரும்" என்றேன்.

அவ்வளவுதான். மங்களம் ஆன்ட்டி கூட்டத்தின் பக்கம் திரும்பிவிட்டார். "கேட்டீங்களா? போன வருஷம் என் பொண்ணு டெங்குல பத்து நாள் படுத்தா. பிளேட்லெட் பிளேட்லெட்னு நான் ஊர் பூரா அலைஞ்சேன். இப்ப வீட்டுக்குப் பின்னாடியே குட்டை கட்டி வச்சிருக்கீங்க, வியூவாம் வியூ. சுந்தரேசன் சார், உங்க ஃபிளாட் எட்டாவது மாடி. அவ்வளவு தூரம் கொசு ஏறி வராது, எங்களுக்கு வரும்."

அதன் பிறகு யாரும் என்னைப் பார்க்கவில்லை. கீழ்மாடிகள் ஒரு பக்கம், மேல்மாடிகள் ஒரு பக்கம். கீழ்மாடிகளில் ஆள் அதிகம். பலகைகளை எடுப்பதென்று தீர்மானம், கைதூக்கி, ஐந்து நிமிடத்தில்.

எட்டு மாத வேலை, ஒரு முழு அறிக்கை, இத்தனை படங்கள். வென்றது கொசு.

ஏப்ரல் 16, புதன்

பலகைகள் இல்லை. தண்ணீர் வடிந்து கறுப்புச் சேறு. பாதிக்கு மேல் அழுகிவிட்டது. மேல்கரையில் நாங்கள் திரும்ப நட்டவை ஒன்றுகூட இல்லை. ஓட்டம் சற்று வேகமாக இருக்கும் நடுத்திட்டில் மட்டும் கொத்துகள் கெட்டியாக இருக்கின்றன.

பிப்ரவரியிலேயே நான் வாயைத் திறந்து கொசு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்? எனக்கு ஏன் தோன்றவில்லை? செடியைப் பற்றிச் செடியின் காரணத்தைச் சொன்னால் போதும் என்று நினைத்தேன். யாருக்கும் போதவில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

அபினவின் கம்பெனி ஒரு பதிவு போட்டிருக்கிறது: ஓடையின் இயற்கை நீரோட்டத்தை மீட்டெடுத்தோம். கூடவே என் படம். கிளிஃபர்ட் அதற்கு ஹார்ட் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கிறான். அபினவ் இப்போது வேறொரு ஏரிக்குப் போய்விட்டாராம். ஏரிக்கு என் ஆழ்ந்த அனுதாபம்.

மே 3, சனி

காலையில் மங்களம் ஆன்ட்டி போன். என் நம்பரை அன்றைக்கே வாங்கி வைத்திருந்தார்.

"இளவேனில், நல்ல செய்தி. கொசுக் கமிட்டி போட்டிருக்கோம், நான்தான் தலைவி. திங்கக்கிழமை ஜேசிபி வருது. ஓடைக்குள்ள இருக்கிற அந்தப் புல்லு, பூண்டு எல்லாத்தையும் வழிச்சு எடுத்துட்டு மருந்தடிக்கப் போறோம். கொசு அதுக்குள்ளதானே ஒளிஞ்சிருக்கும்? நீ சொன்னதுனாலதான் எங்களுக்கே கண்ணு திறந்துச்சு."

நான் சொன்னதாலாம். ஐயோ. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொன்னேன், அதுவும் இங்கே வந்து நிற்கிறது.

மேடத்துக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. கிளிஃபர்ட் ஊரில் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் எதையும் ஒத்திகை பார்க்கவில்லை. பார்த்தால் மறந்துபோகும்.

மங்களம் ஆன்ட்டியைக் கையைப் பிடித்து ஓடைக்கே இறக்கினேன். புடவை நனைகிறது என்றார். நனையட்டும் ஆன்ட்டி என்றேன். நானா அது?

நடுத்திட்டில் ஒரு கொத்தைக் காட்டி, அவர் கையை மணலுக்குள் விட்டுக் கிழங்கைத் தொட வைத்தேன். "இது எவ்வளவு ஆழம் போகுது பாருங்க. இந்த மணலைப் பிடிச்சு வச்சிருக்கறதே இதுதான். ஜேசிபி விட்டு இதை வழிச்சீங்கன்னா இங்க குழி விழும். குழியில தண்ணி நிக்கும். நின்னா என்ன வரும்?"

"கொசு" என்றார், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

"ஓடற தண்ணியில கொசு முட்டை தங்காது. இதை ஓட விடுங்க, போதும். மருந்தடிச்சா மீன் சாகும், தவளை சாகும். கொசுப்புழுவைத் தின்கிறதே அதுங்கதான்."

கையில் ஒட்டியிருந்த மணலை உதறினார். "இதையெல்லாம் ஏன்டிம்மா அன்னிக்கே சொல்லல?"

"சொன்னேன் ஆன்ட்டி. முப்பத்தொண்ணாம் பக்கத்துல."

"முப்பத்தொண்ணாம் பக்கம் யார் போவா? இப்படி வாயால சொல்லணும்." பிறகு அங்கேயே நின்று சுந்தரேசன் சாருக்குப் போன் போட்டார். ஜேசிபிக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது, இனி ரத்து செய்ய முடியாது என்பது அவர் கட்சி. ஆன்ட்டி போனைக் கையால் மூடிக்கொண்டு என்னைக் கேட்டார்: "வண்டி எப்படியும் வருது. அதுக்கு ஏதாவது வேலை இருக்கா?"

சுற்றிப் பார்த்தேன். இருந்தது.

மே 5, திங்கள்

ஜேசிபி வந்தது. இரண்டு கான்கிரீட் தூண்களையும் பிடுங்கி லாரியில் ஏற்றியது. மாத்தாடு மாத்தாடு, பேசு பேசு என்று டிரைவர் அவசரப்படுத்த, எங்கே வரலாம், எங்கே சக்கரம் படக்கூடாது என்று நானே முன்னால் நடந்து கன்னடத்தில் சொன்னேன். தப்புத் தப்பாகத்தான். அவருக்குப் புரிந்தது.

சுந்தரேசன் சார் எட்டாவது மாடி பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வியூ இருந்திருக்கும்.

தூண்களை எடுத்ததை மேடத்திடம் சொன்னேன். "கம்பெனிக்கு நான் பதில் சொல்லிக்கறேன். அடுத்த தடவை எடுக்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன்" என்றார். போன் செய்தேன் மேம், நீங்கள் எடுக்கவில்லை என்றேன். இதையும் வாயால்தான் சொன்னேன்.

மே 19, திங்கள்

விடிய விடிய மழை. ரோடெல்லாம் ஆறு. பி.ஜி. தரைத்தளத்தில் முட்டியளவு தண்ணீர், எல்லோரும் மாடிப்படியில். பிரபா என் ரூம்மேட், லேப்டாப்பைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு ஒரே யோசனை. தூண் பிடுங்கிய இடத்தில் மண் இளகியிருக்கும். இந்த வெள்ளம் நடுத்திட்டையே வாரிக்கொண்டு போனால்?

வெள்ளம் வேண்டும் வேண்டும் என்று எழுதியவள் நான்தான்.

ஜூன் 8, ஞாயிறு

இன்றுதான் போக முடிந்தது. கறுப்புச் சேறு போய்விட்டது. தூண் குழிகளைப் புது மணல் மூடியிருக்கிறது. நடுத்திட்டின் கொத்துகள் ஓட்டத்தின் பக்கம் படுத்தாற்போல் சாய்ந்து, ஆனால் பிடி விடாமல். நடுவிலிருந்து புது இலை. மேல்கரை வெறுமையாக இருக்கிறது. அது இந்த வருஷம் வராது. அடுத்த வருஷமும் சந்தேகம்தான். வாத்துகளைக் காணவில்லை. பி பிளாக்கில் யாரோ கூண்டு வைத்து வளர்க்கிறார்களாம்.

ஜூலை 10, வியாழன்

வேலை முடிந்து வந்து முகம் கழுவவில்லை, மங்களம் ஆன்ட்டி போன்.

"என்னம்மா இது, பொழுது சாயறதிலிருந்து ஒரு வாசனை, ரெண்டாம் மாடி வரைக்கும் வருது. சுந்தரேசன் சார் ஏதோ கெமிக்கல் லீக்காகுதுன்னு பிளம்பரை வரச் சொல்லிட்டார்."

"ஆன்ட்டி, அது பூ."

"எது, நம்ம பூவா?"

நம்ம பூவாம். பிளம்பரைத் திருப்பி அனுப்பச் சொன்னேன். இப்போதே கீழே போங்கள், காலையில் தொங்கிவிடும் என்றேன். டார்ச்சை நேராக அடிக்காதீர்கள், பெரிய அந்துப்பூச்சி தேன் குடிக்க வரும், அது வந்தால்தான் விதை. விதை பச்சைக் கோலி மாதிரி இருக்கும், பறிக்க வேண்டாம், தண்டு தானே சாய்ந்து அதைத் தண்ணீரில் போடும், அது மிதந்து போய்க் கீழே எந்த மணலிலாவது முளைக்கும். யாராவது பூவைப் பறித்துத் தலையில் வைக்கப் போனால் என் பெயரைச் சொல்லித் தடுங்கள். அப்புறம் நடுத்திட்டில் கால் வைக்கக் கூடாது, கரையிலிருந்துதான் —

பிரபா காதிலிருந்து இயர்போனைக் கழற்றினாள். "யார்டி அது? அவங்களை ஒரு வார்த்தை பேச விடமாட்டேங்குற."

ஆன்ட்டி எப்போதோ போனை வைத்துவிட்டுக் கீழே ஓடியிருந்தார், பிரபாவுக்குப் பதில் சொல்வதற்குள் மறுபடி அவர் போன். பின்வாசலில் இருபது பேர் நிற்கிறார்களாம், எது மொட்டு எது காய் என்று சண்டையாம். "உன்னை ஸ்பீக்கர்ல போடட்டுமா?" என்றார்.

போடுங்கள் என்றேன்.